கோல்மன் ஸ்திரீட்டிலிருந்து டேங்க் ரோடு வரை

அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கத் தொடங்கியபோது எனக்கு 6 வயது. அன்றிலிருந்து சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு நடந்து வருகிறார். போன தீபாவளி முடிந்த கையோடு, "முழங்கால் ஒத்துழைக்கல தம்பி. வர்ற தைப்பூசத்தோட வேண்டுதலை முடிச்சுக்கிறேன்" என்றார்.

அன்றிரவு என் கைப்பேசியில் பழைய தைப்பூசப் படங்களைத் தேடினேன். நிறையவே இருந்தன. ஆனால், எல்லாம் விடிவதற்கு முன் எடுத்தவை. மஞ்சள் புடவை ஒரு தீற்றலாகவும், தலையில் இருந்த குடம் இன்னொரு தீற்றலாகவும் தெரிந்தன. அம்மாவின் முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றுகூட இல்லை. கடைசி நடையையாவது ஒழுங்காக எடுக்கவேண்டும், அதற்கு ஒரு நல்ல கேமரா வாங்கவேண்டும் என்று முடிவு செய்தேன். பட்ஜெட் 600 வெள்ளி.

முதலில் நுழைந்த கடையில் விற்பனையாளர் கேமரா, இரண்டு ஸூம் லென்ஸ், பை, முக்காலி என்று மேசையை நிரப்பிவிட்டார். மொத்தம் 1,600 வெள்ளி. தவணையில் கட்டலாம் என்றார். "கடைக்கு வெளியே இருட்டாக இருக்கும் நடைபாதையில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பணம் கட்டிய பிறகுதான் என்றார். பையிலிருந்து எடுத்த அட்டையை அப்படியே உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினேன். சாலையின் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். எதிர்ப்பக்கம் பெனின்சுலா பிளாசா. மியன்மார் நாட்டவர் கூடும் இடம் அது. பலகைகளில் வட்ட வட்டமான பர்மிய எழுத்துகள், காற்றில் தேயிலைச் சாலட் வாசம். பக்கத்திலேயே பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். இந்த வட்டாரத்தில் பழைய கேமரா விற்கும் சிறு கடைகள் பல உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் ஃபிலிம் காலத்து கேமராவும் சென்ற ஆண்டு வந்த கேமராவும் தோளோடு தோள் உரசி நிற்கும்.

அப்படி ஒரு கடையில் இருந்த சீன அங்கிள் என்னிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். யாரை எடுக்கப்போகிறாய்? எந்த நேரத்தில்? எவ்வளவு தூரத்தில் நின்று? அம்மாவை, இரவில், இரண்டு எட்டுத் தூரத்தில் என்றேன். நான் கண் வைத்திருந்த நீளமான ஸூம் லென்ஸை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். புது கேமராவோடு வரும் 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸைப் பெரிதாக்கிப் பிடித்தால் அதன் கண் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே இருட்டில், ஒன்று நொடியில் 20ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், மற்றது 200ல் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். நடப்பவர் முகம் கலங்குவதும் தெளிவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பலரும் பரிந்துரைக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கேட்டேன். தலையசைத்தார். ஆரம்ப நிலை நிக்கான் கேமராக்களில் சென்சார் சிறியது. அதில் 50 என்பது 75 போல நெருக்கமாகக் காட்டும். கூட்டத்தில் பின்னால் நகர இடம் இருக்காது, அம்மாவின் தலை விழுந்தால் குடம் விழாது என்றார். 35 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 52 ஆகும். நம் கண் பார்ப்பதற்கு நெருக்கமானது.

இன்னோர் எச்சரிக்கையும் செய்தார். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் லென்ஸைச் சுழற்றும் மோட்டார் உடலுக்குள் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கினால் தானாக ஃபோகஸ் ஆகாது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

கடைசியில் ஒரு பழைய டி5300 உடலும் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் சேர்த்து 520 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். 2018ல் நிக்கான், கேனன் இரண்டுமே கண்ணாடியில்லா கேமராக்களின் புதிய வரிசைகளைத் தொடங்கிவிட்டதால், எஸ்எல்ஆர் வைத்திருந்த பலர் அவற்றுக்கு மாறிவருகிறார்கள். நம் போன்றவர்களுக்கு அது லாபம். வாங்குமுன் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்கச் சொன்னார் அங்கிள். சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்கு அதுதான் எமன். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்றும் பார்த்தோம். 14,000 சொச்சம். அந்த ஷட்டர் 100,000 முறை வரை சோதிக்கப்பட்டது. மிச்சமிருந்த 80 வெள்ளியை, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் சின்ன டிரை கேபினட்டுக்கு ஒதுக்கினேன்.

கடையிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தே போனேன். ஹில் ஸ்திரீட் முனையில் சிவப்பும் வெள்ளையுமாக 1909ஆம் ஆண்டின் தீயணைப்பு நிலையம். எதிரே 1835ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம். லென்ஸில் ஸூம் இல்லாததால் கட்டடம் முழுதும் விழவில்லை. சாலையைக் கடந்து பின்னால் போய் எடுத்தேன். இனி ஸூம் என் கால்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னும் சற்றுத் தள்ளி, 927 சன்னல்களுக்கும் வானவில்போல் வண்ணம் பூசிய பழைய காவல் நிலையக் கட்டடம். அங்கே 40 படம் எடுத்தேன், பாதி கோணல்.

கோயிலை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செட்டியார்கள் 1859ல் எழுப்பிய தலம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஓடிப் பிடித்து விளையாடிய அவர்களின் பிள்ளைகளை எடுத்தேன். 60ல் ஒரு பங்கு நொடியில் பிள்ளைகள் புகையாகத் தெரிந்தார்கள். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி 200ல் ஒரு பங்கு வைத்தேன். கொஞ்சம் மணல் தூவியதுபோல் இருந்தாலும் சிரிப்பு தெளிவாக விழுந்தது. அந்த எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய மூன்று வாரம், அம்மா சமைக்கும்போதும் பூக்கட்டும்போதும் சுட்டுத் தள்ளினேன். "வேலை வெட்டி இல்லியா உனக்கு?" என்று முதலில் திட்டியவர், பிறகு கேமராவை மறந்துவிட்டார். உண்மையில் எனக்கு அந்தப் பயிற்சியைவிட அவருடைய மறதிதான் அதிகம் உதவியது.

அந்த இரவு அம்மா மெதுவாகத்தான் நடந்தார். இரண்டு இடங்களில் நின்றார். அப்பா ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலுடன் பக்கத்திலேயே வந்தார். நான் முன்னால் ஓடி, நின்று, எடுத்து, மறுபடி ஓடினேன். 212 படங்களில் 11 மட்டும் தேறின.

மறுநாள் மாலை, மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோயில் வாசலில் எடுத்த படத்தில் அம்மா நெடுநேரம் நின்றார். தலையில் குடம், நெற்றியில் திருநீறு கரைந்த வியர்வை, பின்னால் அவர் முழங்கையைத் தாங்கியிருக்கும் அப்பாவின் கை.

"வலிக்குதுன்னு மூஞ்சியிலயே தெரியுதே" என்றார். அழித்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம். உங்க அப்பா கை அங்க இருந்ததே எனக்கு இப்பதான் தெரியும். இதைப் பெருசா போட்டுக் குடு."