மணியோசை வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. கோயில் யானையைக் கண்டவர்கள் சொல்லி வைத்தது. ஆனால் அமெரிக்க மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த எங்கள் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆள் வருவது பிறகுதான். அவனுடைய இசை முதலில் வந்துவிடும். கண்ணாடி நொறுங்குவது போல ஓர் ஓசை கேட்கும். அவ்வளவுதான். ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டின் வருகிறார் என்று அரங்கு முழுவதும் எழுந்து நின்றுவிடும். அவரோ இன்னும் திரைக்குப் பின்னால்தான் இருப்பார்.

மல்யுத்தம் என்றதும் நம் பேராசிரியர்களில் சிலர் புன்னகை புரிவார்கள் என்பதை அறிவேன். முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போடும் சண்டைதானே என்பார்கள். உண்மைதான். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மார்பில் ஒரு காலும் முதுகில் ஒரு காலுமாக மடக்கிய காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறாரே, அது போர், இது நாடகம். ஆனால் நாடகம் என்பதால் அது தள்ளுபடி ஆகிவிடுமா? தெருக்கூத்தில் துரியோதனன் எப்படி வருகிறான்? இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, தான் இன்னார் என்று பாடி முடித்த பிறகுதான் வெளிப்படுகிறான். கூத்துப் பார்க்கிறவர்கள் அந்தத் திரை அசையும் நேரத்துக்காகவே தூக்கத்தை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மல்யுத்த மேடையிலும் குத்து பொய்யாக இருக்கலாம்; இசை கேட்டவுடன் கூட்டத்துக்கு ஏற்படும் சிலிர்ப்பு பொய்யன்று.

மேனாட்டு மல்யுத்தத்தில் இந்த வழக்கம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1940-களில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்று ஒருவர் இருந்தார். பட்டு அங்கி அணிந்து, பணியாள் முன்னே நறுமணம் தெளித்துப் போக, எல்கர் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய அணிவகுப்பு இசை முழங்க அவர் கோதாவுக்கு வருவாராம். அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டமளிப்பு விழாவன்று ஒலிப்பதும் அதே இசைதான் என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும்! பிறகு 1980 வாக்கில் ஃபேபுலஸ் ஃப்ரீபேர்ட்ஸ் என்ற குழுவினர் தங்கள் பெயருக்கு ஏற்ற ராக் பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வரத் தொடங்கினார்கள். அதன் பின் மின்கிதாரும் மேளமும் இல்லாமல் மல்லன் இல்லை என்றாகிவிட்டது. ஜிம் ஜான்ஸ்டன் என்ற இசையமைப்பாளர் 1985 முதல் 2017 வரை அந்த நிறுவனத்தில் இருந்து, ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு மெட்டு என்று அமைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் அமைத்த ஒரு பாட்டை மோட்டார்ஹெட் என்ற புகழ்பெற்ற குழு பாடியது. 2001-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் டிரிபிள் எச் மேடைக்கு வந்தபோது அந்தக் குழுவினரே நேரில் நின்று முழக்கினார்கள். கரகரத்த குரல், இடி போன்ற கிதார். பொருள் விளங்காமலே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு எங்கள் தெருவில் பையன்கள் வாயில் தண்ணீரை நிரப்பி வானத்தை நோக்கி உமிழ்வார்கள். குழாயடியில் நிற்கும் பெண்களிடம் அதற்காக வாங்கிய வசவு கொஞ்சமன்று.

எங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் வாய்த்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். நைனா வீட்டில் இருப்பார். தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, பார்க்கிறவர் ஐவர். நைனா இளமையில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியவர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற பெயர்கள் 2021-இல் வந்த திரைப்படத்தால்தான் பலருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவை வீட்டுப் பேச்சு. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதையும் அவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்கு மல்யுத்தம் பிடிக்குமா? "இன்னாம்மா இது? அடி வாங்கிக் கெடக்கறவன் பாட்டு கேட்டா எழுந்துக்கறான்!" என்று சிரிப்பார். ஆனால் அண்டர்டேக்கர் வரும்போது மட்டும் அவரும் பேச்சை நிறுத்திவிடுவார்.

அண்டர்டேக்கர் என்றால் பிணம் அடக்கம் செய்பவர். விளக்கு அணையும். ஒரு மணி அடிக்கும். ஷோப்பன் என்ற இசைமேதையின் இறுதி ஊர்வல இசையைத் தழுவிய மெட்டு மெதுவாக எழும். இராயபுரத்தில் யாராவது இறந்துவிட்டால் தேவாலயத்தில் அடிக்கும் துக்கமணியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு மணி போதும், மயிர்க்கூச்செறியும். அவர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நம்பிய காலம் அது. எங்கள் தெருவில் அதற்குச் சாட்சி சொல்லவும் ஆள் இருந்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று ரெசில்மேனியா மேடையில் முதன்முறையாகப் பிராக் லெஸ்னரிடம் அவர் தோற்றபோது என் தம்பி அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இவ்வளவும் இன்பமான நினைவுகள். ஆயினும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்க்கும்போது, இந்த இசை விளையாட்டில் ஒரு கொடுமையும் இருப்பது தெரிகிறது. தன் இசையைத் தானே தேர்ந்துகொண்ட மல்லர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு நிறுவனம் கொடுப்பதுதான் இசை. காமலா என்று ஒருவர் இருந்தார். உகாண்டா நாட்டுக் காட்டு மனிதர் என்று சொல்லி, முகமூடியும் ஈட்டியும் கொடுத்து, காட்டு மேளம் முழங்க அவரை அழைத்து வருவார்கள். அவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து வளர்ந்த ஜேம்ஸ் ஹாரிஸ். அவருக்கும் உகாண்டாவுக்கும் என்ன உறவு? தோலின் நிறம் ஒன்றுதான். அந்த மேளம் ஒலித்தவுடன் அவர் வாய் திறந்து ஆங்கிலம் பேசும் உரிமையும் போய்விட்டது, உறுமத்தான் வேண்டும். இசை முன்னே வந்து, பின்னே வரும் மனிதனை விழுங்கிவிட்டது.

காமலாவைப் பற்றி நான் இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் உண்டு. முதலாண்டில் வகுப்பில் அறிமுகம் நடந்தது. ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொன்னோம். நான் "காசிமேடு" என்றேன். பின்வரிசையிலிருந்து யாரோ வாயாலேயே "டண்டணக்கா" என்று மேளம் அடித்தார்கள். வகுப்பு சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று நான் சொல்லவில்லை. அதே மாணவர் பின்னால் எனக்குக் குறிப்பேடு கொடுத்து உதவியவர். ஆனால் எனக்கு என்று ஒரு நுழைவிசை முன்பே அமைக்கப்பட்டிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் அமைத்ததன்று. திரைப்படங்களில் வட சென்னை ஆள் ஒருவன் வரும்போது எந்த மேளம் ஒலிக்கிறதோ, அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு வரும்போது எந்தத் தாளம் அடிக்கிறதோ, அது என் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அவ்விசை கேட்கும் காதுக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போகும் என் தாயின் குரல் எப்படிக் கேட்கும்?

அந்த மேளத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அது எங்கள் மேளம்தான். நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறையும் நாவாய்ப்பம்பையும் உரியவை என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். நெய்தல் என்ற சொல்லே சங்கப் பாட்டில் சாப்பறையையும் குறிக்கும் என்று தமிழ் வகுப்பில் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீன் பட்டால் ஒரு முழக்கம், உயிர் போனால் ஒரு முழக்கம். இரண்டும் கடற்கரைக்கு வேண்டியவை. ரவுடி வரும்போது அடிக்கும் மூன்றாவது முழக்கத்தைச் சேர்த்தது திரைப்படம்.

அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் முயற்சியும் நடக்காமல் இல்லை. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் முதன்முதலாக மேடை ஏறினார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்த்த குழு. சாவு வீட்டுச் சட்டி, பறை, கானாவோடு ராக் கிதாரும் ஒரே மேடையில். ஆண்களே பாடிவந்த கானாவை அங்கே பாடிய இசைவாணி எங்கள் இராயபுரத்துப் பெண். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. மெட்டல், ராக் என்றெல்லாம் தனியே தேடிப் போக வேண்டியதில்லை, சட்டி மேளத்தின் பக்கத்தில் அந்தக் கிதார் வந்து நின்றால் என்ன நேர்கிறது என்பதை அந்தக் குழுவின் பாட்டைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். அவன் நைனாவின் வழியில் குத்துச்சண்டை பழகுகிறான். முறையான போட்டிகளில் சிவப்பு மூலை, நீல மூலை என்று பெயர் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு போட்டியில், ஒவ்வொரு வீரனும் விரும்பிய பாட்டை மைக்செட்காரரிடம் முன்னதாகக் கொடுத்துவிடலாம், இருபது விநாடி போடுவோம் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டில் தூக்கம் போயிற்று. நான் ஏறக்குறைய இருபது பாட்டுகளைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றை, "எக்கா, இது ரவுடிப் பாட்டு. இதப் போட்டா ஈரோகிட்ட அடி வாங்க வர்றவன் மாதிரி இருக்கும்" என்று தள்ளினான். மோட்டார்ஹெட் பாட்டை, "அது டிரிபிள் எச்சோடது, எனுக்கு எதுக்கு?" என்றான். அண்டர்டேக்கர் மணியை வைத்துக்கொள் என்றார் நைனா. அம்மா முறைத்ததில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. கடைசிவரை அவன் ஒன்றும் கொடுக்கவில்லை.

மாலையில் மின்விளக்குகளின் கீழ் மேடை. எதிராளி வந்தபோது ஒலிபெருக்கி அதிரப் பாட்டு ஒலித்தது, பையன்கள் ஆடினார்கள். பிறகு தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்செட்காரர் தன் தாளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். எங்கும் ஓசையில்லை. அந்த இடைவெளியில் எங்கள் தெருப் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மா அவனை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக் கூவினாள். ஏலத்தில் விலை கேட்கும் அதே குரல், துறைமுகத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவது. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெயரை ஊரறியச் சொல்லிவிட்டார்களே என்று வெட்கப்பட்டு, தலையைக் குனிந்தபடி தம்பி கயிற்றுக்குள் நுழைந்தான்.

மூன்று சுற்றும் நின்று ஆடினான். புள்ளிக் கணக்கில் தோற்றான். வென்றவனின் பாட்டை மைக்செட்காரர் மறுபடியும் போட்டார். அது என்ன பாட்டு என்று கேட்டால் தம்பிக்கு நினைவில்லை. மூன்றாம் சுற்றில் வலக்கையைத் தாழ்த்தியதைப் பற்றியே இன்றுவரை நைனாவோடு வாதாடிக்கொண்டிருக்கிறான்.