பெட்டிக்குள் ஒரு பெட்டி

நுழையும்முன்

கணினி வாங்கச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன திரையும் வேகமும் விலையும். கண்ணில் படாத ஓர் உறுப்பு பழுதானதால், பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த சொற்களை இழந்த தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவு இக்கட்டுரை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கு அருகில் உள்ளது. என் தந்தையார் விதைநெல் வாங்கச் செல்லும்போது சிறுவனாகிய நானும் உடன் செல்வதுண்டு. மூட்டையின்மேல் எழுதியிருப்பதை அவர் படித்து நான் பார்த்ததில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளுவார். உள்ளங்கையில் பரப்பி வாயால் ஊதி, பதர் எவ்வளவு பறக்கிறது என்று பார்ப்பார். பின்பு ஒரு நெல்மணியைப் பல்லிடையே வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் நன்கு காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின்னும் அவர் விடுவதில்லை. உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதப்பதை எல்லாம் அரித்து நீக்கிவிடுவார்.

அவருடைய மகனாகிய நான், 2005ஆம் ஆண்டு என் முதல் கணினியை அதன் பெட்டியின் முகப்பில் எரிந்த நீலநிற விளக்கைப் பார்த்து வாங்கினேன்.

எனக்குக் கணினி தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கி. ராஜநாராயணன் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைப் படித்த நாள்முதல், எங்கள் நஞ்சை நிலத்துச் சொற்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்குள் வேர்விட்டிருந்தது. சேடை, தாளடி, கண்டுமுதல், அண்டை வெட்டுதல் முதலிய சொற்களை வயல்வரப்பிலும் களத்துமேட்டிலும் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மிகுதியான சொற்களைத் தந்தவர், நடவு வேலையிலேயே முதுகு வளைந்துபோன பாட்டி ஒருவர். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, "எழுதிக்கிட்டியா வாத்தியாரே?" என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகே அடுத்த சொல்லுக்குப் போவார். குறிப்பேட்டில் இருந்தவற்றை ஞாயிறுதோறும் கணினியில் ஏற்றினேன். 2009ஆம் ஆண்டு ஐப்பசிக்குள் 4,300 சொற்கள் சேர்ந்தன. கணினியில் ஏறிவிட்டதே என்ற தைரியத்தில் குறிப்பேடுகளைப் பரணில் போட்டேன். அவற்றைக் கரையான் எடுத்துக்கொண்டது. பாட்டியும் 2008இல் காலமாகிவிட்டார்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் இரவு அடைமழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. கணினியை நிறுத்தினேனே தவிர, சுவரிலிருந்த சொருகியைப் பிடுங்கவில்லை. விடியற்காலையில் மின்சாரம் திரும்பிய நொடியில் பெட்டிக்குள் 'படீர்' என்று ஓர் ஓசை. அதன்பின் மீன் கருகியது போன்ற ஒரு நாற்றம். விளக்கு எரியவில்லை. நான் பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று நினைவில்லை.

கணினியை என் பழைய மாணவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் அவர் தட்டுத்தடுமாறித்தான் தேறினார் என்பதை இங்குச் சொல்வதில் தவறில்லை. அன்று நான் அவர்முன் மாணவனாக நின்றேன். அவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பின்புறமாக மேலே பொருத்தியிருந்த சிறு இரும்புப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"ஐயா, இதைக் கையில் வாங்கிப் பாருங்கள்" என்றார். பிறகு அலமாரியிலிருந்து அதே அளவுள்ள வேறொரு பெட்டியை எடுத்து என் மறு கையில் வைத்தார். என்னுடையது காலித் தகரடப்பாவைப் போல எடையற்று இருந்தது.

பாடநூல்களில் அதற்கு மின்வழங்கி என்று பெயர். கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டால்தான் கிடைக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி, கணினி உண்ணக்கூடிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது அதன் வேலை. 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய 12 என்று பொருளன்று. மேலும் கீழும் 5 விழுக்காட்டுக்குள், அதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையில், அது நிற்க வேண்டும். எல்லை மீறினால் தானே அணைந்துவிடும் காப்புச் சுற்று நல்ல மின்வழங்கிகளில் உண்டு. என் மின்வழங்கியைத் திறந்தபோது, அத்தகைய சுற்றுக்கு உரிய உறுப்புகள் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் துளைகள் இருந்தன. செலவைக் குறைக்க அவற்றை வைக்காமலே விட்டிருக்கிறார்கள்.

"ஆனால் இதன்மேல் 450 வாட் என்று எழுதியிருக்கிறதே, தம்பி?" என்றேன்.

அவர் அந்த ஒட்டுத்தாளில் இருந்த சிறிய எழுத்துகளைக் காட்டினார். 12 வோல்ட் என்பதற்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தது. "இரண்டையும் பெருக்குங்கள், ஐயா" என்றார். பெருக்கினேன்: 168. இக்காலக் கணினியின் செயலியும் வன்தட்டைச் சுழற்றும் மோட்டாரும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வழியில்தான் உண்கின்றன. அப்படியிருக்க, 450 என்ற பெரிய எண்ணால் அவற்றுக்கு என்ன பயன்? அந்த 168ஐயாவது அது ஒழுங்காகத் தந்ததா என்பதும் ஐயமே. நான்கு ஆண்டுகள் அந்தப் பெட்டி என் மேசைக்கடியில் இருந்தது. ஒருநாளும் அந்தப் பெருக்கலை நான் செய்யவில்லை.

அடுத்து அவர் தாய்ப்பலகையைக் காட்டினார். செயலியைச் சுற்றிச் சின்னஞ்சிறு உருளைகள் வரிசையாக நின்றன. அவை மின்தேக்கிகள். மின்னோட்டத்தில் எழும் அலைகளைத் தம்முள் வாங்கிச் சமன்செய்து அனுப்புபவை. அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். என் பலகையில் ஐந்தின் தலை உப்பி, ஒன்றிலிருந்து பழுப்புநிறக் கசிவு வழிந்து உறைந்திருந்தது. 2000களின் முற்பகுதியில் உலகின் பல பகுதிகளில் விற்ற தாய்ப்பலகைகளில் இந்தக் குறை பரவலாகக் காணப்பட்டது. மின்தேக்கிகளுக்குள் இருந்த நீர்மத்தின் தரக்குறைவே அதற்குக் காரணம். வெப்பமும் அவற்றுக்குப் பகை. வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் கொள்ளும் தோராயக் கணக்கு. சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டுக்குள், சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாத மேசைக்கடியில் அதை நான் வைத்திருந்தேன்.

வன்தட்டின் மின்சுற்றும் கருகியிருந்தது. தரவுகளை மீட்டுத் தரும் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு அதை அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து அனுப்பியபடியே திரும்பி வந்தது. 2007இல் ஒரு குறுந்தகட்டில் நான் எடுத்து வைத்திருந்த நகலில் 2,400 சொற்கள் இருந்தன. எஞ்சிய 1,900 சொற்கள் போயின.

அடுத்த தைப்பொங்கல் விடுமுறையில் நானும் என் மாணவரும் சென்னைக்குச் சென்று, அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுவதும் அலைந்தோம். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். கம்பிச்சுருள்கள் தோரணமாகத் தொங்கும் கடைகள். நான் கையோடு கொண்டுபோனது 25,000 ரூபாய். முதலில் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என் மாணவர் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக அதைக் கடைசியில், மிஞ்சும் பணத்துக்குத்தான் கேட்பார்களாம். பலர் கேட்பதே இல்லையாம், பெட்டியோடு வருவதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

80 பிளஸ் என்ற முத்திரையை அன்றுதான் அறிந்தேன். 2004ஆம் ஆண்டு தொடங்கிய சான்றளிப்பு அது. மின்வழங்கி உள்வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை வெப்பமாக வீணாக்காமல் வெளியே தர வேண்டும். அதன் கொள்திறனில் 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் சோதிப்பார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிநிலைகளும் இதில் உண்டு. இது சிக்கனத்துக்குரிய சான்றே தவிர ஆயுளுக்குரியதன்று. ஆயினும், எழுதியுள்ள அளவு முழுவதையும் சுமந்து காட்டினால்தான் முத்திரை கிடைக்கும் என்பதால், ஒட்டுத்தாளில் உள்ள எண் பொய்யாக இருக்கும் வாய்ப்புக் குறைகிறது. என் மாணவர் முத்திரையைப் பார்த்ததோடு நிற்கவில்லை. 12 வோல்ட்டுக்குரிய ஆம்பியரைப் பார்த்தார், உத்தரவாத ஆண்டுகளைக் கேட்டார், இறுதியில் கையில் தூக்கியும் பார்த்தார். அவர் தூக்கிப் பார்த்ததைக் கண்டபோது எனக்கு என் தந்தையாரின் முழங்கை நினைவுக்கு வந்தது. "எடையை மட்டும் நம்பக்கூடாது, ஐயா. கனம் கூட்ட உள்ளே இரும்புத் துண்டை வைப்பவர்களும் இருக்கிறார்கள்" என்றார் அவர். பதரில் மண் கலப்பவர்களைப் பற்றித் தந்தையாரும் இப்படித்தான் சொல்வார்.

மின்வழங்கிக்கு மட்டும் 3,500 ரூபாய் ஆயிற்று. மனம் துணுக்குற்றது. தாய்ப்பலகையில் நீர்மம் இல்லாத திண்ம மின்தேக்கிகள் உள்ளதாகத் தேர்ந்தோம். செலவைக் குறைக்கச் செயலியில் ஒரு படி இறங்கினோம். சொற்களைத் தட்டச்சு செய்பவனுக்கு மின்னல் வேகம் எதற்கு? பெட்டி, காற்றுத்துளைகள் நிறைந்த எளிய பெட்டி. முகப்பில் நீலவிளக்கு இல்லை.

ரேம் என்னும் நினைவகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் எனக்கு ஒரு தமிழ்ப் பாடம் கிடைத்தது. பொருத்திய அன்றிரவு என் மாணவர், நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனை நிரல் ஒன்றை விடியும்வரை ஓடவிட்டார். காலையில் திரையில் சிவப்பு வரிகள். வாங்கிய இரண்டு பட்டைகளில் ஒன்றில் பிழை! ஒரே ஒரு துணுக்கில், 0 இருக்க வேண்டிய இடத்தில் 1. "இவ்வளவு சிறிய பிழை என்ன செய்துவிடும்?" என்று கேட்டேன். அவர் ஒருங்குறி அட்டவணையைத் திறந்து காட்டினார். கணினிக்கு 'ர' என்பது 2992. 'ற' என்பது 2993. 'ல' 2994, 'ள' 2995. இரும எண்ணில் எழுதினால் ஒவ்வோர் இணைக்கும் இடையே உள்ள வேறுபாடு கடைசித் துணுக்கு ஒன்றே. அது புரண்டால் 'கரை' 'கறை' ஆகும். 'மரம்' 'மறம்' ஆகும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. பிழையானதையே சேமித்து வைக்கும். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் விடைத்தாள்களில் நான் சிவப்பு மையால் வட்டமிட்டு வரும் பிழைகள் அவை! பட்டையைக் கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் எண்ணியபோது, என் மாணவர் சோதனை விளக்கு ஒன்றை எடுத்து வீட்டுச் சுவரின் மூன்றுதுளைச் சொருகியில் வைத்துப் பார்த்தார். மூன்று துளைகள் இருந்தனவே தவிர, மேலுள்ள பெரிய துளைக்கு எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை. வீடு கட்டியதிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. மின்செருகியில் அந்த முள்ளை மற்ற இரண்டையும்விட நீளமாகச் செய்திருப்பதே, மின்சாரம் நுழையும் முன்னர் நிலத்தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். மின்பணியாளரை அழைத்து, கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் இட்டு எர்த் பதித்த பிறகே கணினியை இயக்க விட்டார். பழைய கணினி இறந்ததில் என் வீட்டுச் சுவருக்கும் பங்கு இருந்திருக்கலாம். கடைக்காரரை மட்டும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அது சற்று வெட்கமாகவே இருந்தது.

அந்தக் கணினி இப்போதும் ஓடுகிறது. இடையில் மின்விசிறி ஒன்றை மாற்றினோம். வன்தட்டு நன்றாக இருக்கும்போதே அதை நீக்கித் திண்மநிலைத் தட்டைப் பொருத்தினோம். ஆண்டுதோறும் போகிக்கு முதல்நாள் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயிண்டு அடிக்கும் தூரிகையால் தூசியைத் துடைக்கிறேன். மின்தேக்கிகளின் தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். சொற்களின் நகல் ஒன்று பள்ளியிலும் மற்றொன்று மகள் வீட்டிலும் உள்ளன.

இழந்த 1,900இல் ஏறக்குறைய 1,100 சொற்களை மீண்டும் சேர்த்துவிட்டேன். பாட்டியோடு நடவுக்குச் சென்ற பெண்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கிடைக்காத ஒன்று உண்டு. பறித்த நாற்றின் வேரை வாய்க்கால் நீரில் அலசும்போது எழும் ஓசைக்குப் பாட்டி ஒரு தனிச்சொல் சொன்னார். வழக்கம்போல, "எழுதிக்கிட்டியா வாத்தியாரே?" என்றும் கேட்டார். எழுதிக்கொண்டேன். இப்போது என் பட்டியலில் அதன் பொருள் மட்டும் இருக்கிறது. சொல்லுக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கிறது.