லெப்டின் பிடிக்கிற வேலை

நான் லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். "அங்கை என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று அம்மம்மா கேட்டால், "லெப்டின் பிடிக்கிறன்" என்பேன். மீன் பிடிப்பது போல நினைத்துக்கொள்வார்.

லெப்டின் நம் உடம்புக் கொழுப்பிலிருந்து சுரக்கும் ஹோர்மோன். 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. "கொழுப்பு இருப்பில் இருக்கிறது, பசியைக் குறை" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. இரத்தத்தில் அது நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். அதைப் பிடிக்கத் தூண்டில் வேண்டும். அந்தத் தூண்டில்தான் அன்டிபொடி, தமிழில் பிறபொருளெதிரி.

96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் அன்டிபொடி ஒட்டியிருக்கும். இரத்தத்தின் தெளிந்த நீரை விட்டால் லெப்டின் அதில் மாட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவலில் போய்விடும். (என் வேலையில் பாதி கழுவல்தான்.) பிறகு நொதி பூட்டிய இரண்டாவது அன்டிபொடி. கடைசியாக ஒரு திரவம் விட்டால் குழி நீலமாகும். லெப்டின் கூடக் கூட நீலமும் கூடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் சித்தியின் மகனுக்கு 11 வயது. பிறந்தநாள் விழாக்களில் அவன் ரோல்ஸ் தட்டுப் பக்கம் போனாலே யாராவது "குண்டா, காணும்" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

அவனுக்கு நான் சொன்ன கதை இது. 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தானியப் பூர்வீகம் கொண்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இருவரைப் பற்றி எழுதினார்கள். 8 வயதுப் பெண் 86 கிலோ, 2 வயதுப் பையன் 29 கிலோ. ஓயாத பசி. அவ்வளவு கொழுப்புக்கு லெப்டின் நிறைய இருக்க வேண்டும். அளந்து பார்த்தால், மிக மிகக் குறைவு. மரபணுவில் பிழை. லெப்டினை ஊசியாகப் போட்டதும் அந்தப் பெண்ணின் பசி அடங்கியது, எடையும் இறங்கியது.

"அக்கா, என்ர இரத்தத்தையும் ஒருக்காப் பாப்பீங்களோ?"

முடியாது என்றேன். ஆய்வுக்குச் சம்மதித்தவர்களின் இரத்தம்தான் அங்கே வரும். அதோடு அந்தக் குறைபாடு மிக அரிது. உடல் பருத்தவர்களில் பெரும்பாலானோருக்கு லெப்டின் அதிகமாகத்தான் இருக்கும். மூளை அதற்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை.

தூண்டிலையும் முழுதாக நம்ப முடியாது. 2015இல் ஜெர்மனி மருத்துவர்கள் இன்னொரு சின்னப் பையனைப் பற்றி எழுதினார்கள். அவனுக்கு லெப்டின் அளவு தாராளமாக இருந்தது. ஆனால் அந்த லெப்டின் வேலை செய்யாத லெப்டின். அன்டிபொடி பார்ப்பது உருவத்தை. வேலை நடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மரபணுவைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். வேலை செய்யும் லெப்டினைக் கொடுத்ததும் அவன் சாப்பிடும் விதமே மாறிவிட்டது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொடியனையும் குண்டன் எண்டு கூப்பிட்டவையோ?" என்று கேட்டான்.

கட்டுரையில் அது இல்லை என்றேன்.