எந்தத் தெரு? சில வாசிப்புக் குறிப்புகள்

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் 'விஸ்டாஸ்' என்று ஓர் ஆங்கிலத் துணைப்பாட நூல் உண்டு. அதில் ஒரு பாடம் இரண்டு பெண்களின் சிறுவயது நினைவுகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒருவர் ஜிட்கலா-சா, 1876இல் பிறந்த அமெரிக்கப் பூர்வகுடிப் பெண். உறைவிடப் பள்ளிக்குப் போன முதல் நாளே அவரை நாற்காலியில் கட்டிவைத்துக் கூந்தலை வெட்டிவிடுகிறார்கள். அவருடைய மக்களிடையே துக்கம் காப்பவர்களுக்கும் கோழைகளுக்கும்தான் முடி குட்டையாக இருக்கும். இன்னொருவர் நம் பாமா, விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர், தலித் எழுத்தாளர். 1992இல் வந்த 'கருக்கு' நூலின் ஒரு பகுதி, லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் அங்கே பாடமாகியிருக்கிறது.

பாடநூல் குழுவில் யார் இந்த இரண்டையும் சேர்த்தார்களோ, அவர்களுக்கு என் நன்றி. நிறவெறியையும் சாதியையும் ஒரே பாடத்தில் பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். சேலையூரிலும் மேடவாக்கத்திலும் எத்தனையோ பிள்ளைகள் இதை ஆண்டுதோறும் படிக்கிறார்கள். தேர்வுக்காகத்தான் படிக்கிறார்கள். இருவருக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக என்று கேள்வி வரும், எழுதிவிட்டு எழுந்து போவார்கள். அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலை வாசிப்பு தொடங்கியதற்குக் காரணம் இந்தப் பாடம்தான்.

*

பாமா பாடத்தில் வரும் காட்சி. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார், கை பொட்டலத்தில் படாமல். அப்படியே கொண்டுபோய் நிலக்காரரிடம் குனிந்து கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. இவர்கள் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று சொல்கிறான். அந்த நிமிடத்தில் சிரிப்பு கோபமாக மாறுகிறது.

ஆங்கிலத்தில் இதை வாசித்து முடித்ததும் ஒரு பையன் கேட்டான், "இது எந்த ஸ்டேட்ல நடந்தது மிஸ்?" எழுத்தாளர் தமிழ்ப் பெண் என்று பாடத்தின் தொடக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் வாசிக்கும்போது எல்லாம் தூரத்தில் நடப்பதாகவே தோன்றுகிறது. தமிழ்ப் பிரதியை எடுத்து அதே பகுதியைச் சத்தமாக வாசித்தேன். இன்னொரு பையன், அவன் குடும்பம் சாத்தூர் பக்கம், நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்க ஆச்சி இப்படித்தான் பேசும் மிஸ்." அதுவரை ஐந்து மதிப்பெண் விடையாக இருந்தது அவன் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவன் ஆச்சி பொட்டலத்தைத் தூக்கி வந்த தெருவா, வாங்கிக்கொண்ட தெருவா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

*

அதே பகுதியில் பிள்ளைகள் சாதாரணமாகக் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். நூலகத்துக்குப் போய்விட்டுக் கண்மாய்க்கரை வழியே திரும்பும்போது நிலக்காரரின் ஆள் ஒருவன் முதலில் பெயரைக் கேட்கிறான், பிறகு எந்தத் தெரு என்று கேட்கிறான். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வி ஊரிலேயே நின்றுவிடவில்லை, ரயிலேறித் தாம்பரம் வந்து இறங்கியிருக்கிறது. இந்தப் புறநகரில் பெரும்பாலானோர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். திருநெல்வேலி, மதுரை, விழுப்புரம், ஆந்திரம், ஒடிசா. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, "சொந்த ஊர் எது?" அடுத்தது, "அங்க எந்தப் பக்கம்?" மூன்றாவது, "சைவமா, அசைவமா?" மூன்றும் சேர்ந்து ஒரே கேள்விதான். பிள்ளைகள் இதைப் பக்கத்தில் நின்று கேட்டபடி வளர்கிறார்கள். கண்மாய்க்கரைக் கேள்வியையும் வீட்டுக்காரர் கேள்வியையும் சேர்த்துச் சொன்னபோது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்ககிட்டயும் கேட்டாங்க மிஸ், அம்மா பொய் சொன்னாங்க" என்றாள். மேற்கொண்டு அவளும் சொல்லவில்லை, மற்ற பிள்ளைகளும் கேட்கவில்லை. அவர்களுடைய அந்த நாகரிகத்தை நான் மதிக்கிறேன்.

*

என் அப்பா வழித் தாத்தா வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். வயலாட்களுக்குக் காபி அதில்தான். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து வந்தவள் நான். 'கருக்கு' வாசித்தபோது எனக்கு வயது முப்பதுக்கு மேல். எட்டாம் வகுப்பிலேயே கையில் கிடைத்திருந்தால் தாத்தா உயிரோடு இருந்தபோதே கேட்டிருப்பேன்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒடுக்கப்பட்டவர் எழுதிய புத்தகத்தை ஒடுக்கிய வீட்டுப் பிள்ளை வாசிக்கும்போது இரக்கத்தோடு நிறுத்திக்கொள்வது சுலபம். ஐயோ பாவம் என்றால் கணக்கு முடிந்துவிடும். கதையில் தன் தாத்தா எங்கே நிற்கிறார் என்று தேடிப் பார்க்கிற பிள்ளையிடம்தான் புத்தகம் வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தத் தேடலுக்குக் கூச்சமில்லாமல் இடம் கொடுக்க வேண்டியது கூட உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் பொறுப்பு.

*

தூரத்து அநீதிக்குப் பிள்ளைகள் உடனே அழுகிறார்கள். அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய அலெக்ஸ் ஹேலியின் நாவல் 1976இல் வந்தது, தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் இரண்டு மூன்று தலைமுறை வாசகர்களை உலுக்கியது. கதைநாயகன் குண்டா கிண்டேயைச் சங்கிலியில் பிணைத்துக் கப்பலின் அடித்தளத்தில் கிடத்தும் பகுதியைக் கண் கலங்காமல் வாசித்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கண்ணீரோடு மூடியவர்களே உள்ளூர்ச் சுடுகாட்டுப் பாதைத் தகராறு என்றால் பேச்சை மாற்றுவதையும் பார்த்திருக்கிறேன்.

தூரத்துப் புத்தகம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பக்கத்துப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நம் முன்னோர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது அதை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டு போய்ஸ் பதிலும் போட்டார்.

*

தூரத்தையும் பக்கத்தையும் சேர்ப்பதில் தாம்பரத்துக்கே ஒரு பங்கு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்தது. மறுவருடம் டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சீனாவில் நடப்பதாக இருந்தது, ஜப்பான் தொடுத்த போரால் தாம்பரத்துக்கு மாறியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் ஒருவர் ஆல்பர்ட் லுதுலி. ஜூலு குடித்தலைவர்களில் ஒருவர், ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவரானார். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர், 1960ஆம் ஆண்டுக்கான பரிசு.

கல்லூரிச் சுவரை ஒட்டிய சாலையில் தினமும் சைக்கிளில் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "இந்த காலேஜுக்கா மிஸ்?" என்று மறுபடி மறுபடி கேட்டார்கள். லுதுலியின் தன்வரலாறு 1962இல் வந்தது. அதைப் பதினைந்து வயதுக்காரர்கள் வாசிக்கும்படி சிறிய தமிழ் நூலாக யாராவது எழுதினால் வெளியீட்டு விழாவைத் தாம்பரத்திலேயே வைக்கலாம்.

*

திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகம். அவர்கள் 2010இல் கொண்டுவந்த மார்ட்டின் லூதர் கிங் சித்திர வரலாற்றை எழுதியவர் ஆர்தர் ஃப்ளவர்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர். வரைந்தவர் வங்காளத்துப் படச்சுருள் ஓவியர் மனு சித்ரகார். பேருந்துப் புறக்கணிப்பும் வாஷிங்டன் பேரணியும் வங்காளக் கோடுகளில், அந்தப் பெரிய பாதாம் கண்களோடு வருகின்றன. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க நம்ம ஊர் ஆளுங்க மாதிரி இருக்காங்களே" என்றான். ஓவியர் சாதித்ததே அதுதான்.

கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தலித் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியாகவும் எரிச்சலாகவும் இருந்தது என்றும், யோசித்துப் பார்த்தபோது அது உண்மை என்று உணர்ந்ததாகவும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். இந்தப் படப் புத்தகத்தைக் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

*

நாங்குநேரி, 2023 ஆகஸ்ட். சக மாணவர்கள் அரிவாளோடு பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவன் ஒருவனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி பள்ளியில் கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள்.

கையில் கட்டும் அந்தக் கயிற்றை வைத்தே விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்று சிறுவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். சுற்றறிக்கை கயிற்றை அறுக்கச் சொல்லும். அதை ஏன் கட்டினோம் என்று அந்தப் பையனே யோசிக்க ஒரு கதை வேண்டும். சென்னைப் புறநகரில் அந்த நிறக் கயிறுகள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை, அதனால் நமக்குத் தேவையில்லை என்று ஒரு தந்தை என்னிடம் சொன்னார். வீட்டு வாடகைக்கான அந்த மூன்று கேள்விகளை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

*

மின்சார ரயில். பல்லாவரத்தில் திருநங்கை ஒருவர் ஏறினார். எங்களோடு வந்த பிள்ளைகளில் இருவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். திருட்டுப் பயம் அல்ல, சினிமா கற்றுக்கொடுத்த பயம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' பிளஸ் ஒன்னுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். படித்த ஒருவர் ரயிலில் கை நீட்ட வேண்டிய இடத்துக்கு எப்படித் தள்ளப்படுகிறார் என்று அவரே சொல்கிறார். சில பக்கங்கள் கடினமானவை. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். ஒரு வீட்டில் மறுத்தார்கள். அந்த வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போன பிறகு தானாகவே வந்து வாங்கிப்போனாள்.

*

நான் தேடிக்கொண்டிருக்கும் புத்தகம் ஒன்று உண்டு. வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் சலூன்களில், உணவகங்களில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தியால் வடகிழக்கு மக்கள் பெங்களூரிலிருந்து கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள், சென்னையிலிருந்தும் போனார்கள். 2014 தொடக்கத்தில் டெல்லியில் அருணாசலத்து இளைஞன் ஒருவனின் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவன் சாவில் முடிந்தது. கொரோனா வந்தபோது முகத்தைப் பார்த்துச் 'சைனா' என்று கூவினார்கள். இனவெறி அமெரிக்கப் பாடமில்லை, முடிவெட்டிக்கொள்ளும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவருக்கு நாம் தினமும் செய்வது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக் கதைநாயகராக வைத்துத் தமிழ்ச் சிறார் நாவல் ஒன்று வேண்டும். அவர்களில் ஒருவரே எழுதினால் இன்னும் நல்லது. பலர் தமிழ் சரளமாகப் பேசுகிறார்கள்.

*

அடுத்த சனிக்கிழமைக்கு 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு ஓவியமாக வரைந்து 2011இல் வந்த புத்தகம். கட்டம் போட்ட காமிக்ஸ் இல்லை. அன்பாகப் பேசுபவரின் சொற்கள் பறவை வடிவத்துக்குள் இருக்கும், விஷமாகப் பேசுபவரின் சொற்களுக்குத் தேள்கொடுக்கு முளைத்திருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று படத்திலேயே தெரிந்துவிடும்.

மசூர் ரயில் நிலையப் பகுதியை வாசிக்கலாம். 1901, பத்து வயது பீம், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறான். நல்ல உடை, கையில் காசு. நிலைய அதிகாரி முதலில் அன்பாக விசாரிக்கிறார். தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் இரட்டிப்புக் கூலி வாங்கிக்கொண்டு பிள்ளைகளையே வண்டி ஓட்டச் சொல்கிறார், தான் கூடவே நடக்கிறார். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் பட்டினி. பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேட்க நினைத்திருக்கிறேன்: நீங்கள் அந்த நிலைய அதிகாரியின் பிள்ளையாக இருந்து, அன்றிரவு அப்பா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால், என்ன கேட்பீர்கள்?

எங்களிடம் இருப்பது ஒரு பிரதிதான். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டப்படி வந்த வரி அது, அதனால் புத்தகம் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. கிளை நூலகத்தில் வாசகர் பரிந்துரைப் பதிவேடு இருக்கிறது. திங்கட்கிழமை பிள்ளைகளையே கூட்டிப்போய், அவர்கள் கையெழுத்திலேயே 'பீமாயணம்', 'கயிறு', 'கருக்கு' மூன்றையும் எழுதவைக்க வேண்டும்.