முள் சொன்ன பொய்

பழைய மோட்டார் வைத்திருப்பவனை இரண்டு விஷயங்கள் தூங்கவிடாமல் செய்யும். ஒன்று, பொய் சொல்லும் முள். மற்றொன்று, சொன்னபடி கேட்காத ஸ்டியரிங். முன்னது நடுவழியில் நிறுத்திவிடும். பின்னது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

என் மாமனார் 1960-களில் வாங்கிய அம்பாஸடர் கார் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் காரின் உற்பத்தி 2014-ஆம் வருஷமே நின்றுவிட்டது. ஆகையால், "பழுதானால் கழற்றி எறி, புதிது போடு" என்னும் சித்தாந்தம் இதனிடம் செல்லாது. கல்லூரியில் படிக்கும் என் மூத்த பெண், கார் ஓட்டப் பழகினால் தாத்தாவின் காரில்தான் பழகுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அதற்குமேல் வைத்தியத்தைத் தள்ளிப்போட வழியில்லை.

பெட்ரோல் முள் எப்போதும் 'நிறைவு' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர், கருவியையே மாற்றவேண்டும் என்றார். ஆனால் அந்த முள்ளின் சூட்சுமம் வேடிக்கையானது. டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது மின்சாரத் தடை மாறுகிறது; அந்தச் செய்தியை ஒரு கம்பி முள்ளுக்குக் கொண்டுபோகிறது. பழைய வகைக் கருவியில் இந்தக் கம்பி அறுந்தால், முள் 'காலி' என்று காட்டாது. 'நிறைவு' என்று சாதிக்கும்! பிற்காலத்து வகையில் இதற்கு நேர்மாறு. எங்களுடையது பழைய வகை.

டாங்கியின் அருகே பெட்ரோல் ஆவி இருக்கும், தீப்பொறி ஆகாது. ஆகவே, சாவியை அணைத்துவிட்டுக் கம்பியைக் கழற்றி, சற்றுத் தள்ளிக் காரின் வெற்று இரும்பில் இறுகக் கட்டிய பிறகே சாவியைத் திருப்பினேன். முள் காலிக்கு இறங்கிற்று. கருவியும் கம்பியும் நிரபராதிகள் என்று தெரிந்துவிட்டது. டாங்கிக்கும் காரின் உடலுக்கும் நடுவே துரு ஏறி, மின்சாரம் திரும்பும் வழியை அடைத்திருந்தது. துருவைச் சுரண்டி, கழற்றிய கம்பியைப் பழையபடி மாட்டியதும், முள் கால் டாங்கி என்று உண்மையைக் கக்கிற்று.

ஸ்டியரிங் இவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. கைச்சக்கரத்தை மூன்று விரல் அகலம் திருப்பினாலும் முன்சக்கரங்கள் சும்மா இருந்தன. இந்தக் காரில் கியர்த் தடியும் ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்தே இருக்கிறது. அதன் புஷ் தேய்ந்து கடகடவென்று ஓசை செய்ததால், பட்டறையில் அதன்மேலேயே பழியைப் போட்டார்கள். ஓசை செய்கிறவன்தான் திருடன் என்பது என்ன நியாயமோ!

என் பெண் கைச்சக்கரத்தை மெல்ல இப்புறமும் அப்புறமும் அசைத்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடவில்லை, நான்கு சக்கரங்களும் தரையிலேயே இருந்தன. நான் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தேன். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாவிட்டால், வியாதி அங்கேதான். தண்டு ஒழுங்காகத் திரும்பிற்று, பல்சட்டமும் நகர்ந்தது. இடது சக்கரத்தருகே இருந்த குண்டு மூட்டு மட்டும் தன் கிண்ணத்துக்குள் லொடலொடத்தது. ஒருவேளை சாலையில் அது கழன்றிருந்தால்? அன்றே அதை மாற்றினோம். முன்சக்கரங்களின் நேர் அளந்து சரிசெய்யப்படும் வரையில் பெண்ணிடம் சாவியைக் கொடுக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அவள் கடைத்தெருவரை ஓட்டிப் போய் வருகிறாள். கியர்த் தடி மட்டும் இன்னும் கடகடக்கிறது. அதற்கேற்ற புஷ் எங்கும் அகப்படவில்லை. பித்தளையில் ஒன்று கடைந்து தரும்படி லேத்துப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.