ஊர்ப் படமும் வயல் படமும்

நாகை கடலோரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பெரியவரிடம், மகன் மாவட்ட மண் வரைபடத்தைக் காட்டினார். ஊர் முழுக்க ஒரே நிறம்: உவர் நிலம்.

“இனி இதுல நெல்லு வராதுப்பா. இறால் குட்டைக்குக் கேக்குறாங்க, குடுத்துடலாம்.”

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. படத்தில் பொய் இல்லை. ஆனால் அது ஊரைக் காட்டும். வரப்புக்கு உள்ளே காட்டாது. நோட்டுத் தாளில் தன் வயலை வரைந்தார். சித்திரையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் இடம், மழை நீர் வடியாமல் கலங்கி நிற்கும் இடம், பயிர் செழிக்கும் மேடு என மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியிலும் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ வீதம் தனித்தனியே பரிசோதனைக்குக் கொடுத்தார்.

உப்புப் பூத்த இடத்தில் மின் கடத்துத்திறன் 4 டெசிசைமனுக்கு மேல், அது உவர். நீர் கலங்கிய இடத்தில் கார அமில நிலை 8.5-க்கு மேல், அது களர். மேடு நல்ல மண்.

உவருக்கு நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். களருக்கு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழ வேண்டும். இது தெரியாமல் முன்பு மூன்று ஏக்கருக்கும் ஜிப்சம் கொட்டி நட்டப்பட்டவர் அவர்.

அந்தச் சம்பாவில் மேட்டில் வழக்கமான நெல், களரில் திருச்சி 3. உவர்ப் பகுதி மட்டும் வடிகால் வெட்டிச் சும்மா கிடந்தது.

இப்போது சித்திரைதோறும் மகனே வயலை வரைகிறார். குட்டைப் பேச்சை அவர் எடுப்பதில்லை.