கருவறைக் குருதி

கருவிலிருக்கும் சிசுவின் குருதியோட்டம் நம்முடையதற்கு மாறானது. அதற்கு உயிர்வளி தருவது நுரையீரலன்று; நச்சுக்கொடி. கொப்பூழ்க்கொடியின் சிரையில் தூய குருதி வரும். தமனிகளில் கழிவுக் குருதி திரும்பும்.

அவ்வோட்டத்தின் வேகத்தை டாப்ளர் ஒலியலைச் சோதனை காட்டும். குருதியில் உயிர்வளி எவ்வளவு என்பதைக் காட்டாது. தில்லியில் என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் சிசுவின் வளர்ச்சி குன்றியது. ஊரிலிருந்து அம்மா வர இயலவில்லை. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று மருத்துவர் கூறும்போதெல்லாம் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய நான் என்ன சொல்வேன்? 34ஆம் வாரத்தில் அறுவை செய்தனர். மருமகள் பிழைத்தாள்.

அந்த ஐயத்தைத் தீர்க்கவே எம்.ஆர்.ஐ. ஆய்வாளர்கள் முயல்கின்றனர். உயிர்வளி நீங்கிய குருதி காந்தப்புலத்தைச் சற்றே குலைப்பதால் அதன் சமிக்ஞை விரைவில் மங்கும். அம்மங்கலை அளந்து உயிர்வளியைக் கணிக்கலாம். வழக்கமான எந்திரங்களின் வலிமை 1.5 அல்லது 3 டெஸ்லா. லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 0.55 டெஸ்லாவிலேயே கருவைப் படமெடுக்கின்றனர். சமிக்ஞை மெலியும் என்பது மெய்யே. ஆயினும் தாயின் குடற்காற்றினால் நேரும் உருக்கோணல் குறைகிறது. இவ்வகையில் 80 செ.மீ. அகன்ற குழாயுள்ள எந்திரமும் வந்திருப்பதால் நிறைசூலி மூச்சுமுட்டாமல் படுக்கலாம். (குறுகிய குழாயில் படுத்தவரே இதன் அருமை அறிவர்!)

பெருந்தொல்லை சிசுவின் இதயம். நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை துடிக்கும் அதன்மேல் மின்முனை ஒட்ட இயலுமா? ஆகவே தரவை முதலில் திரட்டிவிட்டு, படம் தெளியும்வரை கணிப்பொறி துடிப்பை ஊகித்து ஊகித்து அடுக்குகிறது. எனக்கு இதில்தான் வியப்பு மிகுதி.

இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இவ்வெந்திரத்திற்குத் திரவ ஹீலியம் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே போதுமாம். மாவட்ட மருத்துவமனைகளுக்கு இது எட்டும் நாளில், அனுமதிக் கோப்பு எவர் மேசையில் உறங்கிக் கிடக்குமோ!